நேராகப் பார்த்தால் இல்லாத அண்ணாச்சி

புரட்டாசி அமாவாசைக்கு மறுநாள் காலையில் லூசியா ஆப்டிகல்ஸ் தவசிமுத்து அண்ணாச்சி மங்கிப்போனார். செத்துப்போகவில்லை, ஊரை விட்டு ஓடவில்லை, காவி கட்டவில்லை, மங்கிப்போனார், அவ்வளவுதான். வழக்கம்போல விடியற்காலையில் தேரிக்காட்டிலிருந்து திரும்பி, பல் விளக்கி, வேட்டி மாற்றி, நல்லமாங்குளம் பஜாரில் சுடலைக்கண்ணுவின் டீக்கடைக்கு வந்து "ஒரு டீ போடுடே" என்று சொன்னார். சுடலைக்கண்ணு குரல் வந்த பக்கம் பார்த்தான், பெஞ்சு இருந்தது, பெஞ்சில் நேற்றைய பேப்பர் இருந்தது, அண்ணாச்சியைக் காணோம். சரி, தூக்கக் கலக்கம் என்று பாய்லர் பக்கம் திரும்பினால், கண்ணோரத்தில் அண்ணாச்சி காலுக்கு மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். திரும்பினான், இல்லை. பாய்லரைப் பார்த்தான், இருக்கிறார். காலை நேரத்தில் டீக்கடைக்காரனுக்கு இதையெல்லாம் ஆராய ஏது பொழுது? "என்ன அண்ணாச்சி, ஒரு மாதிரியா இருக்கீங்க?" என்று பாய்லரிடம் கேட்டான். "தூக்கம் பத்தலடே" என்றார் அண்ணாச்சி. பாய்லரைப் பார்த்தபடியே கிளாஸை நீட்டினான், அவரும் வாங்கிக் குடித்துவிட்டுக் கடை திறக்கப் போனார்.

கடையிலோ அன்றைக்கு ஒருத்தருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கண் பரிசோதிக்க வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் அவருக்குப் பின்னால் சுவரில் தொங்கிய எழுத்துப் பலகையைத்தானே பார்த்தார்கள்! பலகையைப் பார்க்கையில் பக்கத்தில் அண்ணாச்சி இருந்தார், வில்லையை மாற்றினார், "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்டார். அந்த ஊரில் பாதிப் பேருக்குப் பார்வை கொடுத்தவர் அவர், ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்த ஒருத்தராவது அவர் முகத்தைப் பார்த்ததுண்டா என்றால் இல்லை. இத்தனை வருசம் பார்க்காத முகம் இப்போது தெரியவில்லை என்று புலம்ப யாருக்கும் நியாயமில்லை, அதனால் யாரும் புலம்பவுமில்லை.

எதனால் மங்கினார் என்று ஊர் அதிகம் மெனக்கெடவில்லை. பக்கத்து வீட்டு இட்லிக்கடை பேச்சிக்கனி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: "சேர்க்கை சரியில்ல."

அது என்ன சேர்க்கை என்றால், கேளுங்கள். ஊருக்கு மேற்கே தேரிக்காடு, செம்மண் மேடும் முந்திரியும் பனையும் தவிர வேறு நாதியில்லாத காடு, விளக்கென்று ஒன்று கண்ணுக்கெட்டிய தூரம் கிடையாது. நிலா இல்லாத ராத்திரிகளில் அண்ணாச்சி தன் கையால் கண்ணாடி தேய்த்துச் செய்த ஆளுயரத் தொலைநோக்கியை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அங்கே போய்விடுவார். ஊர் அதற்கு வைத்த பெயர் பீரங்கி. நட்சத்திரம் பார்க்கப் போகிறார் என்று ஊர் நினைத்தது, அது தப்பு, நட்சத்திரங்கள் அவருக்குத் தொந்தரவு. நட்சத்திரங்களுக்கு நடுவே ஒட்டடை மாதிரி, ஊதிவிட்ட புகை மாதிரி, இருக்கிறதோ இல்லையோ என்று கிடக்கும் வெளிச்சத்தைத்தான் அவர் பார்க்கப் போனார். நெபுலா என்பார்கள், புத்தகத்தில் விண்முகில் என்று எழுதுவார்கள், அண்ணாச்சி 'மங்கல்' என்பார். அதைப் பிடிக்க ஒரு வில்லை வைத்திருந்தார். பழைய ஒரு ரூபாய்க் காசு அகலம்தான் இருக்கும், சாய்த்துப் பிடித்தால் முகம் தெரியும், கண்ணுக்கு நேரே பிடித்தால் கறுத்துப்போகும். பீரங்கியில் கண் வைக்கிற முனையில் அதைத் திருகிவிட்டால், ஊர் வெளிச்சம், நட்சத்திர வெளிச்சம் எல்லாவற்றையும் வாசலிலேயே நிறுத்திவிட்டு, அந்த மங்கலின் பச்சை வெளிச்சத்தை மட்டும் "நீ வா" என்று உள்ளே விடும்.

அப்படியும் அது சுலபத்தில் தெரிந்துவிடுமா? தெரியாது. முதலில் அரைமணி நேரம் இருட்டில் சும்மா உட்கார்ந்து கண்ணைப் பழக்க வேண்டும், ஒரு தீக்குச்சி வெளிச்சம் பட்டாலும் போச்சு, மறுபடி முதலிலிருந்து. பிறகும் மங்கலை நேராகப் பார்த்தால் மறைந்துவிடும், பக்கத்தில் வேறெதையோ பார்க்கிற மாதிரி பாவனை பண்ண வேண்டும், அப்போது கண்ணோரத்தில் மெல்ல வந்து நிற்கும். "கண்ணோட நட்டநடுவுக்கு இருட்டப் பாக்கத் தெரியாது, ஓரத்துக்குத்தான் தெரியும்" என்பார் அண்ணாச்சி. அப்படியும் பிடி கொடுக்காவிட்டால் பீரங்கியை விரலால் லேசாகத் தட்டுவார், ஆடினால் தெரியும். அன்னப்பறவை என்கிற நட்சத்திரக் கூட்டத்தில் நீளமாய்க் கிழிந்து கிடக்கிற ஒரு மங்கல் உண்டு, அதற்கு அவர் வைத்த பெயர் கிழிஞ்ச சேலை. அதன் ஒரு இழை புதிதாய்த் தெரிந்துவிட்டால் போதும், ஒரு வாரத்துக்குத் தனியாகச் சிரித்துக்கொண்டு திரிவார்.

இப்போது அவரே அப்படி ஆகிவிட்டாரா, ஊருக்கு அவரைப் பார்க்கவும் அதே வித்தை வேண்டியிருந்தது. நல்லமாங்குளத்துக்காரர்களைச் சும்மா சொல்லக்கூடாது, பத்தே நாளில் தேர்ந்துவிட்டார்கள். டீக்கடையில் பாய்லரைப் பார்த்தே அவரிடம் பேசினார்கள். மாதா கோயிலில் பூசையின் நடுவே ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்போது, அவர் நிற்கும் இடத்துக்கு ஒரு முழம் தள்ளியிருந்த தூணைக் கும்பிட்டுச் "சமாதானம் அண்ணாச்சி" என்றார்கள். சரியாகத் தெரியாதபோது "அண்ணாச்சி, கொஞ்சம் ஆடுங்களேன்" என்று உரிமையோடு கேட்டார்கள், அவரும் நின்ற இடத்திலேயே தொட்டில் மாதிரி ஆடிக் காட்டினார். அப்படியே அந்தப் பழக்கம் ஊருக்கே தொற்றிக்கொண்டது. கடன் கேட்கிறவனும் கொடுக்கிறவனும் ஒருத்தரையொருத்தர் பார்க்காமல் பேசியதில் சண்டை குறைந்தது, மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு சன்னலைப் பார்த்துப் பேசியதில் வீடுகள் அமைதிப்பட்டன. ஆனால் வெளியூரிலிருந்து பெண் பார்க்க வந்த ஒரு கூட்டம், பெண், பெண்ணின் தகப்பன், காப்பி கொண்டுவந்த சித்தி என்று எல்லாரும் எங்கோ பார்த்துப் பேசுவதைக் கண்டு, ஊரோடு மாறுகண் போலிருக்கிறது என்று பயந்து, சொஜ்ஜியை வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு எழுந்து போனதும் நடந்தது.

பிறகு பஜார் முக்கில் உயரக் கம்ப விளக்கு வந்தது. பளீரென்று அது எரிந்த முதல் சாயங்காலம் ஊரே கைதட்டியது, கைதட்டி முடித்தபோது அண்ணாச்சி இல்லை. பாய்லரைப் பார்த்தாலும் இல்லை, கூரையைப் பார்த்தாலும் இல்லை, ஆடினாலும் இல்லை. "இங்கதாம்டே இருக்கேன்" என்று குரல் மட்டும் வந்தது. வெளிச்சம் கூடினால் மங்கல் கரைந்துபோகும், அதுதான் விசயம், உச்சிவெயிலில் அவர் சுத்தமாக இல்லாததும் அதனால்தான். வெறும் குரலோடு எப்படிப் பழக? சுடலைக்கண்ணு கடைக்கு முன்னால் ஓலைத்தட்டி கட்டினான், அண்ணாச்சியிடமே யோசனை கேட்டு உள்ளே ஒரு சிவப்பு பல்பு மாட்டினான், சிவப்பு வெளிச்சம்தான் இருட்டுக் கண்ணைக் கெடுக்காது. தட்டி மறைவும் சிவப்பு விளக்கும் கண்டு வேறு மாதிரிக் கடை என்று நினைத்து லாரியை ஓரங்கட்டியவர்களும் உண்டு, உள்ளே வந்து டீயைக் குடித்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு போனார்கள்.

இவ்வளவு செய்த ஊர்தான். ஆனாலும் அண்ணாச்சிக்கு நெஞ்சு ஆறவில்லை. நூறு பேர் பேசுகிறார்கள், நூறு பேரும் வேறெங்கோ பார்த்துப் பேசுகிறார்கள். சவரம் பண்ணக் கண்ணாடி முன்னால் நின்றால் பின்சுவரும் காலண்டரும்தான் தெரிகின்றன, கையால் தடவித் தடவிச் சவரம் செய்து, தாடையில் ரத்தம் வந்தால் அதையும் விரல் ஈரத்தில்தான் கண்டுகொள்கிறார். கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்து ஒற்றை ஆளுக்குக் கஞ்சி வைத்து உட்காருகையில், தான் இருக்கிறோமா இல்லையா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிடும், தொடையைக் கிள்ளிப் பார்த்துக்கொள்வார். அப்போதெல்லாம் அமலோற்பவத்தின் ஞாபகம் வரும். ஒரே ஒரு தடவை அவள் வந்து தன் முகத்தைப் பார்த்துவிட்டால் போதும், பிறகு எப்படிப் போனாலும் சரி என்று தோன்றும்.

அமலோற்பவம் டீச்சர் அவருடைய மனைவி. கோபித்துக்கொண்டு மகள் பிளாரன்ஸோடு மதுரைக்குப் போனவள், மகள் படித்து, கல்யாணமாகி, பிள்ளையும் பெற்றுவிட்டாள், இவள் திரும்பவில்லை. கோபத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. அமாவாசை நெருங்கிவிட்டால் கண் பழகவேண்டுமென்று வீட்டில் விளக்குப் போட விடமாட்டார், பரீட்சைப் பேப்பரை அடுக்களையில் கதவைச் சாத்திக்கொண்டு மெழுகுவர்த்தியில் திருத்தியிருக்கிறாள். அதைக்கூடப் பொறுத்தாள். மங்கலைப் பார்த்துப் பழகின கண்ணால் அவளையும் ஓரமாகவே பார்த்தாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. சாப்பாடு போட்டால் சொம்பைப் பார்த்து "நல்லாருக்கு" என்பார், புதுச்சேலை கட்டி நின்றால் நிலைப்படியைப் பார்த்து "எடுப்பா இருக்கு" என்பார். டீச்சரோ எதையும் நேருக்கு நேர் பார்க்கிறவள், அவள் பார்வைக்கு ஒரு வகுப்பே வாய் மூடும். ஒரே ஒரு முறை தேரிக்காட்டுக்குக் கூட்டிப்போய்க் கிழிஞ்ச சேலையைக் காட்டினார். நேராகப் பார்த்துவிட்டு "ஒண்ணுமே இல்லையே" என்றாள். "நேராப் பாக்காத அமலி, ஓரமாப் பாரு" என்றார். "ஓரக்கண்ணால பாக்குறது எங்க குடும்பத்துல வழக்கமில்ல" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் போய் உட்கார்ந்துகொண்டாள். வீட்டை விட்டுப் போகிற அன்றைக்கும் அதையேதான் கேட்டாள்: "என் மூஞ்சிய நேருக்கு நேர் ஒரு நாளாவது பாத்திருக்கீங்களா?" அவர் அவள் கையிலிருந்த பையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அண்ணாச்சி மங்கிப்போனதைப் பேச்சிக்கனி போன் போட்டு டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள். மாசி மாதத்தில் ஒரு மத்தியானம் டீச்சர் பையோடு வந்து இறங்கினாள். வீட்டுக்குள் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எங்க இருக்கீங்க?"

"ஒனக்கு நேராத்தான் இருக்கேன்."

அவள் நேராகப் பார்த்தாள். எத்தனையோ பிள்ளைகளை உண்மை பேச வைத்த பார்வை அது. எதிர் நாற்காலியின் பிரம்புப் பின்னல்தான் தெரிந்தது.

வாசலில் எட்டிப் பார்த்த பேச்சிக்கனிக்குப் பொறுக்கவில்லை. "டீச்சர், அப்படி உத்துப் பாக்கக் கூடாது. அந்த மாதா படத்தப் பாருங்க, அண்ணாச்சி தானா வருவாங்க. கொஞ்ச நாள்ல பழகிரும்."

"கட்டுன புருசன நான் எதுக்கு ஓரக்கண்ணால பாக்கணும்? கள்ளப் புருசனா?" என்றாள் டீச்சர். பேச்சிக்கனி வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள்.

பிறகு டீச்சர் நாற்காலியிடம் வந்த காரியத்தைச் சொன்னாள். பேரன் தவழ்கிறான். மகள் வேலைக்குப் போகிறாள், பிள்ளையை இவள்தான் பார்க்க வேண்டும், இவள் இங்கே வந்திருக்க வழியில்லை. "பழசெல்லாம் போகட்டும். இந்த நெலமையில ஒத்தையில கெடக்க வேண்டாம். எங்கூட மதுரைக்கு வாங்க."

அண்ணாச்சிக்கு இந்த வார்த்தையைக் கேட்கத்தானே இத்தனை வருசம் காது தவம் கிடந்தது. ஆனாலும் அவரால் சரியென்று சொல்ல முடியவில்லை. "அங்க ராத்திரியும் பகலாட்டம் எரியுமே அமலி. மேம்பாலத்து வெளிச்சம் வீட்டுக்குள்ளயே வருதுன்னு பிளாரன்ஸ் சொல்லியிருக்கா. அங்க நான் ஓரக்கண்ணுக்கும் தெரிய மாட்டேன். ஒரு பயலுக்கும் தெரிய மாட்டேன்."

"இங்கயும்தான் எனக்குத் தெரியல. எங்க இருந்தா என்ன?"

"பேரனுக்கு?"

தாத்தா என்று ஒரு குரல் மட்டும் வீட்டில் அலைந்தால் தவழ்கிற பிள்ளை பயந்துபோகும், எழுந்து நடந்தால் அவர் மேலேயே தடுக்கி விழும். அவளும் இதையெல்லாம் யோசித்துப் பார்த்தாள் போலிருக்கிறது, சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தாள். அண்ணாச்சிக்கோ அவள் வந்த சந்தோசம் ஒரு பக்கம், போய்விடுவாளே என்கிற கிலி ஒரு பக்கம். அன்றைக்கு மத்தியானமே கடைக்குப் போய் ஒரு காரியம் செய்தார். பீரங்கியின் முனையிலிருந்து அந்த வில்லையைக் கழற்றினார். வெளிச்சத்தையெல்லாம் வாசலில் நிறுத்தி மங்கலை மட்டும் உள்ளே விடுகிற வில்லை, தான் இப்போது எந்த வெளிச்சமோ அதை மட்டும் விடாதா என்று கணக்குப் போட்டார். ஒரு பழைய பிரேமில் வலது கண்ணுக்கு அதைப் பொருத்தி, இடது கண்ணைக் கறுப்பு அட்டையால் அடைத்து, விளிம்பிலெல்லாம் கறுப்புத் துணி வைத்துத் தைத்தார்.

சாயங்காலம் வீட்டில் இருந்த எல்லா விளக்கையும் அவரே போட்டார், டியூப் லைட், பல்பு, மாதா படத்துக்கு முன்னாலிருந்த சின்ன விளக்குகூட. அந்த வீடு அப்படி எரிந்து யாரும் பார்த்ததில்லை. "இதப் போட்டுக்கிட்டு நேராப் பாரு. ஓரமாப் பாக்க வேண்டாம், ஒனக்குப் பிடிச்ச மாதிரி நேராவே பாரு" என்றார்.

டீச்சர் மாட்டிக்கொண்டாள். எல்லாம் கறுத்துப்போயிற்று, விளக்குகள், சுவர், அவள் கை, மடி எல்லாம் போயிற்று. அந்தக் கறுப்பில் மெல்ல ஒரு பச்சைச் சாம்பல் கசிந்து, காது வந்தது, நெற்றி வந்தது, தாடையில் சவரக் கத்தி வெட்டின கீறல்கள் வந்தன, தவசிமுத்து முழுசாக வந்தார். வேறொன்றும் இல்லாத இடத்தில் அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார், அவளை நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பாக்கீங்களா?" என்றாள்.

"பாக்கேன்."

"நேராவா?"

"நேராத்தான்."

"எப்படி இருக்கேன்?"

அவர் நிதானமாகப் பார்த்தார். ஒரு கண்ணை அட்டை மறைத்திருந்தது, மறு கண்ணை வில்லை மறைத்திருந்தது, மீதியைப் பார்த்தார். "கிழவியாயிட்ட அமலி. மூக்கு மட்டும் அப்படியே இருக்கு. இந்த மோவாய்ல ஒரு மச்சம் உண்டுன்னு எனக்குத் தெரியவே தெரியாது."

டீச்சர் சிரித்தாள், சிரிக்கும்போதே அழுதாள், வில்லைக்குள் நீர் கோத்துக்கொண்டது. "பாவி மனுசா, அன்னைக்கே இப்படி ஒரு தடவ பாத்திருந்தா நான் எதுக்குப் போகப் போறேன்!" என்றாள். அதுவரை அவரை அவள் அப்படித் திட்டியதே கிடையாது, அவருக்கு அது அமிர்தமாக இருந்தது. இரண்டு பேரும் பேசினார்கள், பேசினார்கள், விட்டுப்போன வருசங்களுக்கெல்லாம் சேர்த்துப் பேசினார்கள். இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே மதுரைக்குப் போய்விடலாம், எந்த விளக்கு எரிந்தால் நமக்கென்ன என்று அவளே சொன்னாள். அண்ணாச்சி எந்தெந்தச் சட்டையை எடுத்துக்கொள்வது என்று மனசுக்குள் மடிக்கவே ஆரம்பித்துவிட்டார்.

அப்போது போன் அடித்தது. பிளாரன்ஸ்தான், வீடியோ போட்டிருந்தாள். டீச்சர் தடவித் தடவிப் போனை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தாள். "அம்மா, பேராண்டி நிக்கான் பாருங்க! சுவரப் பிடிக்காம நிக்கான்!"

டீச்சர் பார்த்தாள். வில்லை அந்த வெளிச்சத்தையும் வாசலிலேயே நிறுத்திவிட்டது. கையிலே கறுப்புப் பலகை, பலகைக்குள்ளிருந்து பிள்ளையின் சிரிப்புச் சத்தம். "ஆமா, நிக்கானே, என் ராசா நிக்கானே" என்று தெரிகிற மாதிரியே சொன்னாள். சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணாடியைக் கழற்றவில்லை. கழற்றினால் இவர் போய்விடுவார். முகம் எங்கே என்று தேடுகிற மாதிரி போனைக் கிட்டே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள், மறுபடி கிட்டே கொண்டுபோனாள்.

அண்ணாச்சி அதையெல்லாம் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு சாயங்காலத்தில் நேராகப் பார்க்கக் கற்றுக்கொண்டவருக்கு, பார்க்காமல் விடவும் முடியவில்லை. போட்டால் புருசன், கழற்றினால் உலகம், இதை அவள் தலையில் வைத்தால் அவள் தாங்குவாளா? எழுந்து அவள் முன்னால் போய் நின்றார். "கழட்டு அமலி" என்றார். "பிள்ள நிக்கான்ல."

அவள் தலையை ஆட்டினாள், மாட்டேன் என்று. அவரே இரண்டு காதிலிருந்தும் பிரேமை மெதுவாகத் தூக்கி எடுத்தார். அவர் முகம் அவள் கண்ணெதிரே, கைக்கெட்டும் தூரத்தில் இருந்த முகம், விளக்கு வெளிச்சத்தில் கரைந்துபோயிற்று. போனில் பிள்ளை இரண்டு காலில் நின்று தள்ளாடிக்கொண்டிருந்தான். டீச்சர் அவனைப் பார்த்தாள், நின்றவன் தொப்பென்று உட்கார்ந்தான், கைகொட்டிச் சிரித்தான். அவளும் கைகொட்டினாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் இரண்டு பேரும் மதுரை என்கிற பேச்சை எடுக்கவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸுக்கே அவள் கிளம்பினாள். விடியவில்லை. பஸ் நிற்கிற இடம் குளத்துப் படித்துறைக்கு எதிரே, பஜார் விளக்கு அங்கே எட்டாது. ரோடு அங்கிருந்து குளத்தைச் சுற்றிக்கொண்டு போகும், வளைவு முடிந்து புளியமரம் தாண்டினால்தான் நேர்ரோடு. சுடலைக்கண்ணு பையைத் தூக்கி வந்தான், பேச்சிக்கனி இட்லிப் பொட்டலம் கொண்டுவந்தாள். அண்ணாச்சி படித்துறையின் மேல்படியில் நின்றார். "போய் போன் பண்ணு" என்றார். "வேளைக்குச் சாப்பிடுங்க" என்று அவள் குரல் வந்த பக்கமாகச் சொன்னாள், ஏறிக்கொண்டாள்.

கண்டக்டர் முன்சீட்டைக் காட்டினார். அவள் வேண்டாமென்று, குளத்துப் பக்கச் சன்னலோரமாகப் பார்த்து உட்கார்ந்தாள். பிறகு, "டிரைவர் தம்பி, உள்ள லைட்ட அமத்திருங்களேன்" என்றாள்.

"டீச்சருக்கு இப்பவே தூக்கம் வந்துட்டு போல" என்றாள் பேச்சிக்கனி. அவளுக்குக் கோபம், ஒரு ராத்திரி மட்டும் இருந்துவிட்டு இப்படிப் போகிறாளே என்று.

விளக்கு அணைந்தது. பஸ் கிளம்பியது. அந்த ரோட்டில் பஸ் வேகமாகப் போக முடியாது, குழிக்குக் குழி ஏறி இறங்கி, குளத்தைச் சுற்றி ஊர்ந்துதான் போகும். டீச்சர் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிர்சீட்டின் முதுகைப் பார்த்தபடி விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். ஒரு தடவைகூடப் படித்துறைப் பக்கம் கழுத்தைத் திருப்பவில்லை. கையசைக்கவில்லை. இருட்டுக்குப் பழகின கண் அண்ணாச்சிக்கு, அவருக்குத் தெரிந்தது, அவள் கன்னத்தில் வழிந்ததைக்கூட அவள் துடைக்கவில்லை. பஸ் வளைய வளைய அவள் முகமும் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து கொடுத்தது, படித்துறை எப்போதும் கண்ணோரத்திலேயே இருக்கிற அளவுக்கு, அதற்கு மேல் இம்மியும் இல்லை. அவர் ஆடாமல் அசையாமல் நின்றார். பஸ் புளியமரத்துக்குப் பின்னால் மறைந்தது.

சுடலைக்கண்ணுவுக்கு மனசு கேட்கவில்லை. குளத்துத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "என்ன அண்ணாச்சி, கல்நெஞ்சு! ஒரு தடவ திரும்பிக்கூடப் பாக்கலியே" என்றான்.

"ஆமடே, திரும்பவே இல்ல" என்றார் தவசிமுத்து. அழுகையில் அவருக்கு வார்த்தை சரியாக வரவில்லை. "வளைவு முடியிற வரைக்கும் என்னப் பாத்துக்கிட்டேதாம்டே போனா."